அப்பாவுக்குப் பதியாத காலை

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், ஒப்புக்கு எழுதுகிற நலம் இல்லை, நிஜமாகவே நலம். அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். வந்ததும் கொடியில் துணி கோணலாகக் கிடக்கிறது என்று குறை சொன்னார், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நீதான் போனை எடுப்பதில்லையே, அதனால் எழுதுகிறேன். இன்னும் மூன்று வருஷம் அந்த வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடத்திலேயே இருக்கப்போவதாக அன்று காலை நீ போனில் சொன்னதற்கு, எனக்கு மகளே இல்லை என்று அப்பா கத்திவிட்டு, அதே கோபத்தோடு பெயிண்ட் அடிக்க ஏணியில் ஏறி விழுந்தார். உன்னால்தான் என்று நீ அழுவதாக அண்ணன் சொன்னான். கேள், அந்தக் காலை அவர் தலையில் இல்லவே இல்லை. புதிதாகக் கேட்டது மூளையில் கெட்டிப்படச் சில மணி நேரமாவது வேண்டுமாம், அதற்குள் தலையில் அடிபட்டதால் பதியவில்லை என்றார் டாக்டர். பழையதெல்லாம் பத்திரம். ஞாபகத்தைப் பிடித்து வைத்திருக்கிற புரதம் சில நாளில் தேய்ந்துவிடும், அதற்குள் புதியது வந்து அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ சொல்வாயே, எங்கள் நூற்பாலையில் ஷிப்டு மாறுகிற மாதிரிதான், அடுத்தவள் வந்து நின்றால்தான் நான் நகர்வேன், மெஷின் நிற்காது. சின்ன வயதில் பல் விழுந்ததற்கு நீ ஊரைக் கூட்டி அழுததைக்கூட நர்ஸுகளிடம் சொல்லி உன் மானத்தை வாங்கிவிட்டார்.

ஆனால் இனிமேல் புதிது பதியுமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அதனால் ஆஸ்பத்திரியிலேயே ஒரு ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்ததும் உன் மூன்று வருஷத்தை நானே மெதுவாகச் சொன்னேன், நீ வெறும் வயிற்றில் இருந்தவரிடம் சொன்னாய், அசடு. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, குட்டி எப்போது வருவாள் என்று கேட்டேன். அவளுக்கு அங்கே மூன்று வருஷம் வேலை இருக்கிறது என்று நேற்று நீதானே சொன்னாய், தலையில் அடிபட்டது எனக்கா உனக்கா என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு தானாகவே, அந்தக் குளிருக்கு நல்ல கம்பளி வைத்திருக்கிறாளா, ஏன் போனே பண்ணவில்லை என்று கேட்டார்.

நீ எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அவர் சாப்பிட்ட பிறகு. மகளே இல்லை என்று அன்று அவர் சொன்ன வார்த்தை இத்தனை நாளும் உன் தலையிலும் என் தலையிலும் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் என் மெஷினை நிறுத்திவிட்டேன். நீயும் நிறுத்து.

உன் அம்மா