புதிதாக முளைத்த மலை

மருத்துவமனைக் குடியிருப்பு
ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

முதலில் உட்கார். ஒரு வாய் தண்ணீர் குடி. உன் அம்மா கழுகுமூக்கு மலையின் உச்சியில் நின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் "ஏறினேன்" என்று ஆரம்பித்தாலே நீ "முழங்கால் எப்படி இருக்கு?" என்று பேச்சைத் திருப்பிவிடுவாய். பிசியோதெரபிஸ்ட்டைப் பெற்றதற்கு அது தண்டனை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பெரிய செய்திகளையெல்லாம் கடிதத்துக்கென்று எடுத்துவைக்கிறேன்.

மலையேற்றச் சங்கத்தின் பட்டியலில் இருபத்திரண்டு சிகரங்கள். இது இருபதாவது. அப்பா இறந்த மறு வருஷம், இப்படியே வீட்டில் இருந்தால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்துதான் முதல் மலைக்குப் போனேன். அதன்பிறகு விட முடியவில்லை. சங்கத்து வாசலில் ஒரு பலகை இருக்கிறது. எல்லாச் சிகரமும் ஏறியவர்களின் பெயர் அதில் வரும். இதுவரை பதினோரு பெயர், பதினொன்றும் மீசை வைத்தவை.

திங்கட்கிழமை மருத்துவமனையில் நான் ஓட்டுகிற லிஃப்டில் ஏறிய ஒருவரையும் இதைச் சொல்லாமல் விடவில்லை. எக்ஸ்ரேவுக்கு வந்த பெரியவர் ஒருத்தர், "நாள் முழுக்க உக்காந்த இடத்துலயே மேலயும் கீழயும் போறீங்க, அது பத்தலையாம்மா?" என்று கேட்டார். சிரித்த சிரிப்பில் அவரை மூன்றாம் மாடியில் இறக்காமல் பிரசவ வார்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

இந்த முறையும் எங்கள் கூட்டம்தான்: சங்கச் செயலாளர், ரத்தப் பரிசோதனைக்கூடத்துப் பெண், அப்புறம் எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர். அவர் பேசினால் ஹாரன் தேவையில்லை. அதனால் எல்லோருக்கும் அவர் 'சைரன்'. ரோட்டில் பறக்கிற மனுஷன், மலையில் ஆமை. அவருக்காக நிற்கிற சாக்கில்தான் நான் இளைப்பாறிக்கொள்கிறேன். அதை அவரிடம் சொல்வதில்லை.

இன்னும் இரண்டே சிகரம். ஏப்ரலோடு வேலையிலிருந்தும் ஓய்வு. பட்டியல் முடிந்ததும் வெளிநாட்டுக்கு உன்னிடமே வந்துவிடுகிறேன் என்று சொன்னது நினைவிருக்கிறது.

உன் அம்மா

—

ஜனவரி 30

என் அருமை அம்மாவுக்கு,

கடிதத்தை வேலைக்குப் போகிற ரயிலில் பிரித்தேன். கழுகுமூக்கு என்று படித்ததும் என்னை அறியாமல் "ஐயோ" என்றேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்காரர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சந்தோஷம் அம்மா. உண்மையாகவே. ஆனாலும் கேட்பேன், முழங்கால் எப்படி இருக்கிறது? இறங்கும்போது பக்கவாட்டில் கால் வைக்கச் சொன்னேனே, வைக்கிறாயா?

இங்கே உன் அறை தயார். ஜன்னல் பக்கம் கட்டில் போட்டாயிற்று. ஹீட்டர் புதிது. சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று கடைக்காரனோடு அரைநாள் சண்டை போட்டேன். மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது, நீ வந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டு சீட்டாடலாம். வீட்டுக்குள் நுழையும்போது ஒரு குரல் "வந்துட்டியா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

மே இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுக்கட்டுமா? எடுத்துவிடுவேன்.

வாலு

—

மருத்துவமனைக் குடியிருப்பு
மார்ச் 4

அன்பு வாலுவுக்கு,

இருபத்தொன்று. ஊசிச் சிகரம் முடிந்தது. கயிறு உரசி உள்ளங்கை உரிந்திருக்கிறது, கோணலாக எழுதினால் பொறுத்துக்கொள்.

ஊசியின் கடைசிப் பகுதி நேர்ப்பாறை. இடுப்பில் கயிறு கட்டி ஒவ்வொருவராகத்தான் ஏற வேண்டும். பாதியில் என் வலது கால் வழுக்கியது. கயிற்றில் ஒரு சுற்று சுற்றி, முகத்தைப் பாறையில் ஒட்டிக்கொண்டு பல்லி மாதிரி நின்றேன். மேலிருந்து செயலாளர், "இடது கை! இல்ல இல்ல, வலது கை!" என்று கத்துகிறார். எனக்கு எது இடது, எது வலது என்பதே மறந்துவிட்டது.

அப்போது கீழேயிருந்து சைரன் சொன்னார்: "ஒரு அவசரமும் இல்ல. வேணும்கிற வரைக்கும் நில்லுங்க. நான் கயித்த பிடிச்சிட்டுதான் இருக்கேன்." அந்த மனுஷனிடமிருந்து அவ்வளவு மெதுவான குரல் வரும் என்று மருத்துவமனையில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நின்றேன். மூச்சு திரும்பியது. காலுக்கு ஒரு பள்ளம் கிடைத்தது. அப்புறம் எப்படி ஏறினேன் என்று தெரியாது, மேலே போய்க் குழந்தை மாதிரி அழுதேன், சிரித்தேன். பரிசோதனைக்கூடத்துப் பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு அவளும் அழுதாள்.

திரும்பும் வழியில் சைரன் தன் பிளாஸ்கிலிருந்து எனக்கு மட்டும் சர்க்கரை கூடப் போட்டு டீ ஊற்றினார். அதிர்ச்சிக்கு நல்லதாம். ஆம்புலன்ஸில் கற்றுக்கொண்டதாம்.

இனி வெள்ளைச்சுவர் ஒன்றுதான். டிக்கெட் எடு, எடு.

உன் அம்மா

—

மார்ச் 22

அன்புள்ள அம்மா,

கயிற்றில் தொங்கிய கதையை இனிமேல் நீ பத்திரமாக இறங்கினாய் என்ற வரியோடு ஆரம்பி. எனக்கு ரத்தக்கொதிப்பு வரும் வயதில்லை, ஆனால் வந்துவிடும்.

டிக்கெட் எடுத்தாயிற்று. மே இருபது. தேதியை மாற்றினால் பாதிப் பணம் போய்விடும், அதனால் மாற்றக்கூடாது.

ஒரு விஷயம். உன் கடிதத்தைத் தோழியிடம் படித்துக் காட்டினேன். "உங்கம்மா மலையப் பத்தி எழுதுறாங்களா, அந்த டிரைவரப் பத்தி எழுதுறாங்களா?" என்றாள். சிரித்தேன். நீயும் சிரி.

வாலு

—

மருத்துவமனைக் குடியிருப்பு
ஏப்ரல் 15

அன்பு மகளுக்கு,

பத்திரமாக இறங்கிவிட்டேன். சொன்னபடியே ஆரம்பித்துவிட்டேன் பார்.

வெள்ளைச்சுவர் முடிந்தது. இருபத்திரண்டும் முடிந்தது. உச்சியில் கைகோத்து நாங்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஒரு ஆடு மிரண்டு ஓடியது. கீழே வந்து, பலகையில் என் பெயரை எழுதச் பெயிண்ட் வாங்கக்கூட ஆள் அனுப்பியாகிவிட்டது. அதற்குள்தான் அந்தக் கூத்து.

செயலாளர் தலைமைச் சங்கத்திலிருந்து வந்த தபாலைப் பிரித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தோம். "ஒட்டக மலை தெரியுமில்ல, ஒட்டகம்? அதுக்கு ரெண்டு திமில். நாம ஏறினது தெற்குத் திமில். இப்ப புதுசா அளந்து பார்த்திருக்காங்க. வடக்குத் திமில் தனி மலையாம். உயரமும் ஜாஸ்தியாம்." அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இருபத்து மூன்று.

பலகையில் உள்ள பதினொன்றும் செல்லாக்காசு. அதில் நாலு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்களுக்கு மட்டும் விலக்கு. மிச்சம் ஏழு பேரும், செயலாளரையும் சேர்த்துத்தான், பரணிலிருந்து பூட்ஸை இறக்கித் தூசி தட்டுகிறார்கள். யார் முதலில் ஏறுகிறார்களோ அவர் பெயர்தான் புதுப் பலகையில் முதல் பெயர். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பரபரப்பு.

ஆனால் வடக்குப் பக்கம் காட்டுத்தீக் காலம் முடியும் வரை யாரையும் விடமாட்டார்கள். மே கடைசியில்தான் வழி திறக்கும்.

டிக்கெட்டை மாற்ற முடியுமா, வாலு? போகிற பணத்தை நான் தந்துவிடுகிறேன்.

உன் அம்மா

—

ஏப்ரல் 27

அம்மாவுக்கு,

யுகயுகமாக அங்கே நிற்கிற ஒட்டகத்துக்கு, நான் டிக்கெட் எடுத்த பிறகா திமில் முளைத்தது?

முதலில் நீ கதை கட்டுகிறாய் என்றே நினைத்தேன். சங்கத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ஆமாம், வெட்கத்தோடுதான் சொல்கிறேன், கேட்டேன். உண்மைதான் என்றார்கள். அது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. ஏனென்றால் உன் கடிதத்தில் வருத்தம் ஒரு வரிகூட இல்லை. மகளிடம் போக முடியாமல் போய்விட்டதே என்று ஒரு வார்த்தை. தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. மலை முளைத்ததில் உனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பணம் வேண்டாம். எனக்கு உண்மை வேண்டும். உனக்கு இங்கே வர விருப்பம் இருக்கிறதா இல்லையா?

மகள்

—

மாடி வீடு, பேருந்துப் பணிமனைத் தெரு
மே 8

அன்பு மகளுக்கு,

விலாசம் மாறியிருப்பதைக் கவனித்திருப்பாய். வேலை முடிந்ததும் குடியிருப்பைக் காலி செய்துவிட்டேன். இது வாடகை வீடு, இரண்டு அறை. கீழே பேருந்துகளைக் கழுவுகிறார்கள், விடிந்தால் ஒரே தண்ணீர்ச் சத்தம்.

நீ நேராகக் கேட்டாய், நேராகவே சொல்கிறேன். உன்னோடு இரண்டு மாதம் இருக்க ஆசை. உன்னோடேயே இருந்துவிட ஆசை இல்லை. இதைச் சொல்லப் பயந்து ஒவ்வொரு மலையாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். இரண்டு மிச்சம், ஒன்று மிச்சம் என்று நீ நாள் எண்ண எண்ண, உச்சியில் நிற்கும்போது சந்தோஷமும் ஒரு கலக்கமும் சேர்ந்தே வரும். திமில் முளைத்த செய்தி கேட்டதும் கலக்கம் போய்விட்டது. அது உண்மை. உன் மூக்கு கெட்டிக்கார மூக்கு.

இன்னொன்றும் உன் தோழி சரியாகக் கண்டுபிடித்தாள். சைரன்தான். ஊசியிலிருந்து இறங்கிய அன்று அவர் கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. "எனக்கும் வீட்ல யாரும் இல்ல. உங்களுக்கும் இல்ல. மலையில ஒண்ணா நடக்குறோம், கீழயும் நடந்தா என்ன?" என்றார். யோசிக்க நாள் கேட்டேன். யோசித்துவிட்டேன். ஆகஸ்டில் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக இருக்கிறோம்.

அப்பாவோடு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அது எங்கேயும் போய்விடவில்லை. இதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, ஆனால் உனக்குத் தெரியாமல் ஒரு நாளும் நடக்காது.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அம்மா

—

மாடி வீடு, பேருந்துப் பணிமனைத் தெரு
ஜூன் 1

என் வாலுவுக்கு,

நீ எழுதவில்லை. போனும் எடுக்கவில்லை. சரி. நான் என் பங்குக்கு எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதை உன்னிடம் சொல்லாவிட்டால் ஏறியது மாதிரியே இருக்காது.

பத்திரமாக இறங்கிவிட்டேன்.

வழி திறந்த அன்றே கிளம்பினோம். வழி என்று பேர்தான், இடுப்பளவு முள். பழைய பலகை ஆட்கள் ஏழு பேரில் நாலு பேர் முதல் ஓடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் இருவர் தவறான பிளவில் ஏறி, மாட்டிக்கொண்ட பூனை மாதிரி அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மூச்சிரைத்துக்கொண்டு கூடவே வந்தார். சைரன் வழக்கம்போல் பின்னால். கடைசி ஏற்றத்தில் நான் நின்று திரும்பினேன். அவர் கையை ஆட்டினார்: "நின்னு பாத்துட்டிருந்தா பேரு போயிடும். நீங்க போங்க. நான் வருவேன்."

போனேன். ஓடினேன் என்றே வைத்துக்கொள். கல் உருள்கிறது, நெஞ்சு அடிக்கிறது, மேலே வானம் மட்டும் இருக்கிறது, அடுத்த அடி வைத்தால் வைக்க இடமில்லை. முடிந்துவிட்டது. இருபத்து மூன்று. என் தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது, எதிர்மலை அதைத் திருப்பிக் கொடுத்தது. நல்ல வேளை, நீ கேட்கவில்லை.

உச்சி எவ்வளவு பெரிது தெரியுமா? என் லிஃப்ட் அளவுதான். செயலாளர் வந்தார், பரிசோதனைக்கூடத்துப் பெண் வந்தாள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். பழக்கதோஷத்தில் "எத்தனாவது மாடி?" என்று கேட்டுவிட்டேன். செயலாளர் விழாத குறை. கொஞ்ச நேரம் கழித்துப் பாறை விளிம்பில் ஒரு தொப்பி தெரிந்தது. அந்தத் தொப்பியைப் பார்த்தபோது உச்சியைப் பார்த்தபோது வந்த அதே சந்தோஷம் வந்தது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

இறங்கும்போது அவர் முழங்காலில் டக், டக் என்று ஒரு சத்தம். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

பலகையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. முதல் பெயர் என்னுடையது.

உன் அம்மா

—

ஜூன் 16

அம்மா,

உன் மே மாதக் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். என்னிடம் தோள்பட்டைச் சிகிச்சைக்கு வருகிற ஒரு முதியவர், "ஏன் முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். "எங்கம்மா ஒரு ஆளோட மலையேறப் போயிருக்காங்க" என்றேன். கை தட்டினார் அம்மா. மூன்று மாதமாக என்னால் தூக்க வைக்க முடியாத கையைத் தூக்கித் தட்டினார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன்.

அப்பாவை நினைத்துக் கோபப்படுகிறேன் என்று எண்ணாதே. எல்லாம் முடிவான பிறகு என்னிடம் கடைசியாகச் சொன்னாயே, கோபம் அதற்குத்தான். அது இன்னும் முழுதாகப் போகவில்லை. போகட்டும் என்று விட்டிருக்கிறேன். அந்த அறை உனக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அது எனக்காகத்தான். தனியாக இருக்கிறேன் என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, ஹீட்டர் வாங்கினேன். அதை நான்தான் சரி செய்துகொள்ள வேண்டும். வியாழக்கிழமைகளில் இங்கே ஒரு நடைக் குழு இருக்கிறதாம். பெயர் கொடுத்துவிட்டேன். மலை எதுவும் இல்லை, பயப்படாதே.

உச்சிக் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டேன். உள்ளங்கை வியர்த்துவிட்டது. முதல் பெயர், அம்மா. என் அம்மா.

அப்புறம் அவருடைய முழங்கால். சத்தம் மட்டுமா, வலியும் உண்டா? சத்தம் மட்டும் என்றால் பயமில்லை. வலி இருந்தால் இறக்கத்தில் இரண்டு கைத்தடி கட்டாயம், சுமையை உன் பைக்கு மாற்று. தினமும் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்வது போல் பாதி இறங்கி நிற்கச் சொல். மூச்சை அடக்கக்கூடாது. நீ சொன்னால் அவர் ஒன்றுமில்லை என்பார். அதனால் நான் நேரில் பார்க்கிறேன். ஆகஸ்டில் பதினைந்து நாள் விடுமுறை வாங்கிவிட்டேன். பதிவுக்குத் தேதியை அதற்குள் வையுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். விமான நிலையத்தில் நீங்கள் இரண்டு பேரும் நிற்பீர்கள். உன்னை ஓடி வந்து கட்டிக்கொள்வேன், அது தெரிந்த விஷயம். அதன் பிறகு அவர் பக்கம் திரும்ப வேண்டும். சைரன் என்று என்னால் கூப்பிட முடியாது. அப்பா என்றும் வராது, அதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கிள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் போல இருக்கிறது. இரண்டு நாளாக ரயிலில் ஒவ்வொன்றாக முணுமுணுத்துப் பார்க்கிறேன், பக்கத்து சீட்காரர் மறுபடியும் பையை மடியில் வைத்துக்கொள்கிறார்.

நான் அவரை என்னவென்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும்? கேட்டு எழுது.

உன் வாலு