பட்டியலில் உங்கள் பெயர்

அக்கா,

இன்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ தைலம் தேய்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்கள். நீங்கள்தான் என்று திரும்பிவிட்டேன். நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. என் மூக்குக்கு அது இன்னும் தெரியவில்லை.

கல்யாணமாகி நான் கேரளத்து மலையில் இந்தச் சூரியநெல்லிக்கு வந்தபோது, நம் லயத்து வரிசை வீடுகளில் ஓட்டு என்பது ஆண்கள் சமாச்சாரம். பாதிப் பெண்களுக்கு வாக்காளர் பட்டியலில் பெயரே கிடையாது. பிறந்த ஊரிலும் இல்லை, வந்த ஊரிலும் இல்லை. பெயர் இருந்தவர்கள் வீட்டுக்காரர் சொன்ன சின்னத்தை அமுக்கிவிட்டு வருவார்கள். அதில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. உங்களுக்குத் தோன்றியது. பகலெல்லாம் சரிவில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு, சாயங்காலம் விண்ணப்பத் தாள்களோடு வீடு வீடாக ஏறினீர்கள். மலையாளக் கேள்விகளை எழுத்துக்கூட்டிப் படித்து, தமிழில் சொல்லி, எங்கள் வாயாலேயே பதில் வாங்கினீர்கள்.

என் வீட்டுக்காரர் ரேஷன் கார்டைத் தர மறுத்தார். "வீட்டுக்கு ஒரு ஓட்டு போதாதாக்கா?" என்றார்.

நீங்கள் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டீர்கள். "போதும்னா இந்தத் தடவ அவ போடட்டும் தம்பி. நீங்க வீட்டுல இருங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். கார்டு வந்தது.

எங்கள் பெயர்களெல்லாம் ஏறிய பிறகுதான் யாரோ உங்கள்மேல் மனுக் கொடுத்தார்கள், நீங்கள் பிறந்த சங்கரன்கோவில் பக்கம் உங்களுக்கு இன்னொரு ஓட்டு இருக்கிறதென்று. பொய். நீங்கள் இங்கேயே குடியிருப்பதாக லயத்தில் இரண்டு பேர் வில்லேஜ் ஆபீசில் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். என்னைக் கேட்டீர்கள். "நாளைக்கு வர்றேன்க்கா" என்றேன். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர், "வம்புல மாட்டிக்காத" என்றார். மறுநாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். வேறு யாரும் போகவில்லை. உங்கள் பெயரை அடித்துவிட்டார்கள்.

அக்கா, எனக்கு அன்று காய்ச்சல் இல்லை. சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. "படுத்துக்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

ஓட்டு நாளில் நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் நீங்கள்தான் எங்கள் கதவைத் தட்டினீர்கள். பள்ளிக்கூட வாசலில் என் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "உள்ள போ. யாருக்குப் போட்டேன்னு எங்கிட்டகூடச் சொல்லாத" என்றீர்கள். கடைசிப் பெண் வெளியே வரும்வரை வெயிலில் நின்றீர்கள்.

அடுத்த முறை பட்டியல் திருத்தியபோது வீட்டில் கேட்காமலே போய்க் கையெழுத்துப் போட்டேன். உங்கள் பெயர் திரும்ப வந்தது. ஒரே ஒரு தேர்தலில் ஓட்டுப் போட்டீர்கள். அடுத்தது வருவதற்குள் நெஞ்சுச் சளி உங்களைத் தின்றுவிட்டது. லயத்தில் ஒட்டிய இரங்கல் நோட்டீசில் இன்னாருடைய மனைவி என்று போட்டிருந்தார்கள். நீங்கள் செய்தது ஒரு வரிகூட இல்லை. உங்கள் பெயரும் இல்லை.

போன வாரம் போடியிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயரைச் சேர்க்க அரைநாள் வேலையை விட்டுவிட்டு அதே ஆபீசுக்குப் போனேன். இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். பேனாவை வாங்கும்போது இன்னும் ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்க்கிறேன், அக்கா. போட்டுவிடுகிறேன்.