கிணற்றுக்குள் தங்கிய புகை

மாசி 14, வெள்ளிக்கிழமை.

கொச்சியில் படகில் ஓடிய பழைய ஆயில் இஞ்சினை வாங்கி, பருத்திக்குத் தண்ணீர் இறைக்க நம் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் மேடை கட்டி வைத்து ஒரு மாதம்தான் ஆகிறது. இன்று காலை அதை ஓட்டிக்கொண்டிருந்த மாரப்பன் மேடையிலேயே மயங்கிச் சரிந்தான். நாலு பேர் கயிறு கட்டி மேலே தூக்கினோம். வாந்தியெடுத்த பிறகுதான் கண் திறந்தான்.

"கஞ்சி குடிக்காம வந்திருப்பான்ங்க," என்றார் இஞ்சினைப் பொருத்திய மெக்கானிக் ராஜு. மாரப்பன் முகத்தைப் பார்க்கும் முன்பே சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மாரப்பன் மனைவி, "மூணு நாளா ஊட்டுக்கு வந்ததும் தலவலின்னு படுத்துக்கறாருங்க," என்றாள்.

இஞ்சின் ஆறியதும் நானே இறங்கினேன். புகைக்குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. கழற்றச் சொன்னேன். புகை கசியாமலிருக்க இணைப்புக்கு நடுவே புதிதாகப் போட்டதாக ராஜு சொன்ன கேஸ்கெட் ஒரு பக்கம் கருகிப் பிளந்திருந்தது.

"படகுல இதேதானுங்க ஓடுச்சு. ஒண்ணும் ஆகலீங்களே," என்றார் ராஜு.

படகில் கசிந்த புகையைக் காற்று கொண்டுபோயிருக்கும். கிணற்றுக்குள் அது எங்கே போகும்?

என் கண் முன்னாலேயே புது கேஸ்கெட் வெட்டி மாட்டி, நட்டுகளை முடுக்கினார். இனி பயமில்லை என்றார்.

"அப்ப நாளைக்கு நீங்களே கீழ நின்னு ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க."

"நாளைக்குப் பல்லடத்துல வேல இருக்குதுங்க."

புகைக்குழாயைத் தரைக்கு மேலே நீட்டும்வரை அந்த இஞ்சினை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பருத்தி காய்ந்தால் காயட்டும்.