வலைக்குள் ஒரு பாத்தி உளுந்து

மதினி,

இன்று காலை உங்கள் தகர டப்பாவைத் திறந்தேன். காய்ந்த வேப்பிலை வாசம் குப்பென்று வந்தது. பூச்சி விழாமலிருக்க உளுந்துக்கு நடுவே நீங்கள் போட்டுவைத்த இலைகள் பாதி தூளாகிவிட்டன. நீங்கள் போய் ஒரு விதைப்புப் பட்டம் முடிந்து அடுத்த புரட்டாசி வந்துவிட்டது. இந்த மடலை எழுதவே வெட்கமாகத்தான் இருக்கிறது.

மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் உளுந்து ரகம் உருவாக்குவதுதான் என் வேலை. அதற்கு எங்கள் பண்ணையில் நாட்டு விதை தேவைப்பட்டது. அண்ணனைக் கட்டிக்கொண்டு எம். புதுப்பட்டிக்கு வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து நீங்கள் கொண்டுவந்த விதை நினைவுக்கு வந்தது. காடு கழனி வேலையை விட்டுப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறத் தொடங்கிய பிறகும், வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசை போட்டு அதைக் காப்பாற்றி வைத்திருந்தீர்கள். நான் கேட்டதும் டப்பாவோடு தூக்கிக் கொடுத்தீர்கள். எங்க வீட்டு உளுந்து ஆராய்ச்சிக்குப் போகுது என்று கம்பெனியில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டீர்களாம். அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தீபாவளி ஆர்டர் முடிந்து லீவு விட்டதும், கூட வேலை பார்க்கும் பெண்களை வேன் பிடித்துப் பண்ணைக்குக் கூட்டிவந்தீர்கள். அது தெரியாமல் நான் வயலில் நின்று விவசாயிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். புதுச் செடிகள் நோயைத் தாங்குமா என்று பார்க்க, நடுநடுவே சட்டென்று நோய் வாங்கும் ரகம் ஒன்றை விதைப்போம். வெள்ளை ஈ அதிலிருந்து நோயைச் சுற்றிலும் பரப்பும். அந்த வரிசைகளில்தான் உங்கள் உளுந்து மஞ்சளடித்துச் சுருண்டு நின்றது. இதைவிட நோஞ்சான் ரகம் நமக்குக் கிடைக்காது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது. "அது எங்க வீட்டு உளுந்தா தம்பி?"

ஆமாம் என்றேன். கூட வந்த பெண்கள் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நீங்களோ முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினீர்கள். "எங்க உளுந்து இல்லாட்டி எந்தச் செடி தாங்கும்னு இவுகளுக்கே தெரியாதாம்."

என்னை விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வேனில் ஏறும்போதுதான் பக்கத்தில் வந்து, வேறு யாருக்கும் கேட்காமல் கேட்டீர்கள். "அம்புட்டையும் நோய்க்கா போட்டீக? நல்லா வளர ஒரு பாத்திகூடப் போடலையா?"

அடுத்த பட்டத்தில் போட்டுக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன். மாசியில் காய்ச்சலில் படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

அந்த வயலில் இரண்டு செடி வகைகள் நோயைத் தாங்கி நின்றன. அதற்கு என்னைத்தான் பாராட்டினார்கள்.

இன்று டப்பாவில் மிச்சமிருந்ததில் முதல் கை விதையை, வெள்ளை ஈ நுழையாத வலைக்கூண்டுக்குள் ஒரு பாத்தியில் போட்டேன். மீதியை வெளியே நோய் வாங்கும் வரிசைக்குக் கொண்டுபோனேன். அந்தச் சோதனையை விட முடியவில்லை, மதினி. கூட நின்றவர் என்ன ரகம் என்று கேட்டார். எங்கள் மதினி வீட்டு உளுந்து என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு பாத்தி. அதைக்கூட நீங்கள் பார்க்க நான் போடவில்லை.