முனகாத கட்டைகள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. உன் மேலாளருக்குப் போன் போட்டு, சுரங்கத்தில் நம் மரக்கடைக் கட்டைகள் நிற்கிற பக்கம் யாரையும் இறக்காதீர்கள் என்று சொன்னது நான்தான். வேறு யார் மேலும் சந்தேகப்படாதே. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசைப் பற்றிக் கேட்காதே. உன் உடம்பு முழுசாக இருக்க வேண்டும் என்றுதான் அந்தப் போனே. என் அழைப்பை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன், கோபத்தோடாவது கடைசி வரை படி.

உன்னோடு கீழே வேலை செய்கிற தாடிக்காரர் காலில் பாறை விழுந்ததைச் சொல்லி அன்றைக்கு அழுதாய். அழுகைக்கு நடுவே ஒன்று சொன்னாய், கட்டை சத்தமே போடாமல் ஒடிந்தது என்று. அக்காவிடம் சொல்லாதே என்றும் சொன்னாய். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ வேலையில் சேர்ந்த புதிதில் சப்போர்ட் பிரிவு என்றபோது, யாரோ அதிகாரிக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிற வேலை போலிருக்கிறது, இதற்கா இவ்வளவு படிக்க வைத்தோம் என்று உன் அப்பாவிடம் சலித்துக்கொண்டவள் நான். எனக்குத் தெரிந்த சப்போர்ட் எல்லாம் சில்லறை. சாய்கிற அலமாரிக்கு அடியில் செருகும் மரச்சக்கை, என் இடுப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பட்டை, கடை வைத்தபோது எனக்கு ஒருத்தர் சப்போர்ட்டும் இல்லை என்று நான் அடிக்கிற பெருமை, அவ்வளவுதான். சுரங்கத்துக்குள் அந்தச் சொல்லுக்குத் தலைக்கு மேலே இருக்கிற பாறையைத் தாங்கி நிறுத்துவது என்று அர்த்தம், நாம் லாரியில் அனுப்பும் கட்டைதான் அங்கே சப்போர்ட், பாறை இறங்கினால் கட்டை முதலில் முனகும், அதைக் கேட்டுத்தான் ஆட்கள் ஓடித் தப்புவார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அது சத்தமே போடவில்லை என்றால் கோளாறு கட்டையில்தான் என்று எனக்குப் பட்டது.

கிடங்குக்குப் போய், ஒடிந்த கட்டை போன அந்த லாரிச் சுமையில் மிச்சம் கிடந்த கட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் இழைத்து, முனையில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி அடுக்கியிருந்தது. கட்டை அனுப்புகிற பொறுப்பு உன் அக்கா வீட்டு மாப்பிள்ளையுடையதுதானே, அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவருக்கு ஒரே பெருமை. கதவு நிலைக்கு மரம் காயவைக்கிற ரூம் சும்மாதானே கிடந்துச்சு அத்தை, அதுல போட்டு நல்லா காயவெச்சு எடுத்தேன், அங்கே வாங்குறவங்களே என்னங்க இவ்வளவு லேசா இருக்குன்னு அசந்துட்டாங்க என்றார். அவர் திருடர் இல்லை, அதை நான் எங்கேயும் சொல்வேன். வீடு கட்டுகிறவர்களோடு பழகிப் பழகி, சுரங்கத்துக் கட்டையையும் கதவு மாதிரி நினைத்துவிட்டார். ஈரம் காயாத ஒரு பச்சைக் கட்டையையும் அவருடைய கட்டையில் ஒன்றையும் இரண்டு அடிமரங்களின் மேல் குறுக்கே போட்டு, மேலே இரும்பு ஏற்றச் சொன்னேன். பச்சைக் கட்டை வளைந்து, முனகி, நார் நாராகக் கிழிந்து, ஒடிவதற்குள் நாலு தடவை கத்திவிட்டது. சுமை தூக்குகிறவர்களில் ஒருத்தன், இது நம்ம முதலாளியம்மா மாதிரிடா, அடிக்கிறதுக்கு முன்னாடி கத்திடும் என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். காய்ந்த கட்டை ஒரு முனகல் இல்லாமல் டப்பென்று இரண்டாகப் போனது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே நின்றபடியே உன் மேலாளருக்குப் போன் போட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கட்டையில தப்பில்ல, பாறை அழுத்தம்தான் ஜாஸ்தின்னு உங்க பொண்ணே எழுதிக் குடுத்திருக்காங்களேம்மா என்றார். நீ அப்படி எழுதியது சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போன் போட்டிருப்பேன், ஆனால் முதலில் உனக்குப் போட்டிருப்பேன்.

உன் அக்கா வந்து, பெத்த பொண்ணுங்க ரெண்டு பேரையும் ஒரே போன்ல கவுத்துட்டியேம்மா, தங்கச்சியாவது எனக்கு சப்போர்ட் பண்ணினா, நீ யாருக்கும்மா பண்றே என்று கத்திவிட்டுப் போனாள், அதோடு இந்தப் பக்கம் வரவில்லை. உன் அப்பா வழக்கம்போல அவள் பேசும்போது அவளுக்கும் நான் பேசும்போது எனக்கும் தலையாட்டுகிறார். மாப்பிள்ளை மட்டும் தினமும் வந்து ஒருத்தரோடும் பேசாமல் அந்தச் சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நீ அக்காவுக்கு முட்டுக் கொடுத்தாய், அது எனக்குப் புரிகிறது. அவள் குடும்பம் ஒன்றும் தெருவுக்கு வந்துவிடாது, நான் கல்லு மாதிரி இருக்கிறேன். என்னால் தாங்க முடியாதது வேறு. அந்தச் சுமையின் மற்ற கட்டைகள் உள்ளேயே நின்றன, நீ தினமும் இறங்கி அதற்குக் கீழேயே நடந்தாய். தெரிந்தே நடந்தாய். உன்னை நம்பி மற்றவர்கள் தெரியாமல் நடந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தாடிக்காரரைப் பார். பழத்தை வைத்துவிட்டு ஊமையாக நிற்காதே, உள்ளதைச் சொல், திட்டினால் வாங்கிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு படுத்தால் உனக்குத் தலைவலி வரும். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி என்றைக்கும் உண்டு, கோபமாக இருந்தாலும் உண்டு.

நேற்று உன் மேலாளரோடு பேசி முடித்தது இது. அந்தச் சுமைக் கட்டை அத்தனையையும் நம் செலவில் எடுத்துப் பச்சைக் கட்டை மாற்றித் தர வேண்டும். தாடிக்காரர் எழுந்து நடக்கிற வரை அவர் வீட்டுச் செலவு நம் கடையுடையது. அதற்கப்புறம் நம் கட்டை அந்தச் சுரங்கத்துக்குப் போகாது. எழுதிக் கொடுத்ததை விசாரணையில் நீயே பொய் என்று சொன்னால் உன் வேலை போகாது, ஆனால் ஒரு வருடம் கீழே இறங்க விடமாட்டார்கள், மேலே ஆபீசில்தான் உட்கார வேண்டும். கடையின் பங்குக்கு நான் சரி என்று சொல்லிவிட்டேன். உன் பங்குக்கு நீ சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

இப்படிக்கு,
உன் அம்மா