வெளிவாசல் பக்கம் இரண்டு கட்டில்

அக்கா,

இன்று டயாலிசிஸ் முடிந்து, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அட்டையில் நீ. மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலை நீட்டிப் பேசுகிறாய். கீழே இந்தியில், ‘நோயாளிகள் சொன்னார்கள், நாங்கள் கட்டினோம்’ என்று போட்டிருந்தது. கிழித்துப் போட்டிருப்பேன். உன் முகம் இருந்ததால் கை வரவில்லை.

நீ சொன்னதையா கட்டினார்கள்?

புது மையம் எப்படி இருக்க வேண்டும் என்று நோயாளிகளே வந்து சொல்லுங்கள் என்றுதானே அந்த ஹாலுக்கு நம்மை அழைத்தார்கள். நீ முந்தின நாளே தாராவியில் நம் சந்தில் டயாலிசிஸுக்குப் போகிற மூன்று பேரைத் தேடிப் போய், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டாய். ஹாலில் ஆளுக்கு ஒரு தட்டு. வாழைப்பழமும் இளநீரும். கிட்னி போனவர்களுக்கு இரண்டுமே ஆகாது என்று டயாலிசிஸ் தொடங்கிய முதல் வாரமே நமக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் காதில் சொன்னாய்: “ஏட்டி, நம்மள எம்புட்டு நெனச்சிருக்காவன்னு இதுலயே தெரியுதுல்லா.”

ஆனாலும் எழுந்து பேசினாய். அரைகுறை இந்தியில் இரண்டே இரண்டு கேட்டாய். காலை ஆறு மணி ஷிப்டில் பெண்களைப் போடாதீர்கள், எங்கள் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது. மெஷினைக் கழற்றியதும் தலை சுற்றுகிறது, வெளிவாசல் பக்கம் இரண்டு கட்டில் போடுங்கள், அரை மணி நேரம் படுத்துவிட்டுப் போகிறோம். மேடையில் இருந்த பெரிய அதிகாரிகள் தலையாட்டினார்கள், ஒருவர் எழுதிக்கொண்டார், இன்னொருவர் படம் எடுத்தார்.

மையம் திறந்தபோது வாசலில் பளிங்குத் தரை இருந்தது. கட்டில் இல்லை. உனக்கும் எனக்கும் காலை ஆறு மணி ஷிப்ட். போய்க் கேட்ட உன்னிடம், இடம் போதவில்லை என்றார் மேனேஜர்.

மூன்றாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, மெஷினைக் கழற்றியதும் உனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று எழுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் அரை மணி நேரம் பாக்கி. “நீ முடிச்சிட்டு வாட்டி, நான் பஸ் ஸ்டாப்புல நிக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனாய். அங்கேதான் விழுந்தாய். நடைபாதை விளிம்பில் தலை அடித்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏற்றிய உடம்பு. நான் வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உன் பதினாறு கழிந்தபின், ஒரு நாள் என்னையும் அப்படித்தான் எழுப்பிவிட்டார்கள். நான் வெளியே போகவில்லை. வாசல் தரையில் துண்டை விரித்துப் படுத்தேன். செக்யூரிட்டி எழுந்திருக்கச் சொன்னார். அரை மணி நேரம் ஆகும் என்றேன். அடுத்த முறை, செம்பூரிலிருந்து வருகிற அந்த ரிட்டயர்டு கிளார்க் என் பக்கத்தில் வந்து படுத்தார். அதற்கடுத்த முறை ஏழு பேர்.

மேனேஜர் ஓடி வந்தார். மையத்துக்குக் கெட்ட பேர் என்றார். அன்றைக்குக் கூட்டத்தில் எழுதிக்கொண்டீர்களே, அதை எடுத்து வந்து வாசியுங்கள் என்றேன். கொண்டுவந்தார். நீ அவ்வளவு நேரம் நின்று பேசியதற்கு ஒரே வரி: ‘நோயாளிகள் மகிழ்ச்சி தெரிவித்தனர்.’ வாசித்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே கட்டில் வந்தது. ஷிப்ட் மட்டும் மாறவில்லை. அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சொல்வதை அங்கேயே எழுதி, எல்லாரும் கேட்க வாசித்துக் காட்டினால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

கேட்டது கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன கோபம் என்கிறார்கள் வீட்டில். கட்டில் வந்த அன்றைக்கு அவர்கள் அங்கே இல்லை, அக்கா. நான் இருந்தேன். இரண்டு ஆட்கள் கட்டில்களைத் தூக்கி வந்து, சுவரோரமாகப் போட்டு, மெத்தையைத் தட்டி விரித்துவிட்டுப் போனார்கள். மொத்தமே பத்து நிமிஷம்தான் ஆயிற்று.