பதினாறு விநாடித் தாமதம்

நாள் 13. காலை 6.00
சனிக்கோளின் நிலவுக்குப் போகும் இந்தக் கப்பலில் இருப்பவர்கள்: ஓட்டுநர் வியாகுலம் அண்ணன், சரக்கறையைப் பார்த்துக்கொள்ளும் என் கணவர் சூசை, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஜெபமலர், சமையலைக் கவனிக்கும் நான், லூர்துபாக்கியம். நான்கே பேர்.

பூமியிலிருந்து மணிக்கொரு தடவை வானொலியில் மணியோசை வரும். கேட்டதும் ஒரு அருள்நிறை மரியே சொல்வேன். எங்கள் கடிகாரத்தில் ஒரு ஓசைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மணி நேரமும் பதின்மூன்று விநாடியும். நேற்று பன்னிரண்டு. இயந்திரம் ஓயாமல் ஓடி, நாங்கள் விலகும் வேகம் கூடக் கூட, ஓசை துரத்தி வந்து சேரத் தாமதமாகிறது. மகளின் புத்தகத்தை வைத்து நானே கண்டுகொண்டது இது. மாதா துணை.

நாள் 14. பகல் 11.40
பாதி வழி. தாமதம் பதினான்கு. இயந்திரத்தை நிறுத்தி, கப்பலைப் பின்புறமாகத் திருப்பி, மறுபடி இயக்கினால் வேகம் குறையும். நிறுத்தியதும் மிதந்தோம். அப்போது ஓட்டுநர் அறையில் தீ. திரைகள் கருகிவிட்டன. அண்ணன் நினைவிழந்து கிடந்தார். இருபது நிமிடத்தில் இயந்திரம் தானாக ஓடியது. கால் தரையில் பதிந்தது. அண்ணன் கப்பலைத் திருப்பினாரா? பார்க்க ஜன்னல் கிடையாது.

இவர் சொன்னார்: “காலு தரையில நிக்குல்லா? பிரேக் புடிச்சாச்சு. போய் சோத்த வடி.”

நாள் 15. பகல் 12.00
பதினைந்து. பதின்மூன்றாக இறங்கியிருக்க வேண்டும்.

“ஜெபத்துல எண்ணிக்கை தப்பியிருக்கும் ஒனக்கு,” என்றார்.

மலர் விடவில்லை. “ப்பா, வேகம் கூடினாலும் கொறஞ்சாலும் தரை ஒரே மாதிரிதான் தள்ளும். முடுக்கத்துக்கு முன்னால கழித்தல் குறி இருக்கா இல்லியான்னு காலுக்குத் தெரியாது.”

“சரி டீச்சர், எனக்கு முட்டை மார்க் போட்டுக்க.”

யாரும் சிரிக்கவில்லை. பூமியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சோறு வடித்தேன்.

நாள் 16. பகல் 12.00
மூன்று கைக்கடிகாரங்களிலும் பதினாறு. இவர் போய் இயந்திரத்தை நிறுத்தினார். வாயு பீய்ச்சும் பக்கக் குழாய்களைக் கையால் திறந்து, குத்துமதிப்பாகக் கப்பலைத் திருப்பி, மறுபடி இயக்கினார். இந்தத் தடவை திரும்பியதா என்று நாளைய மணிதான் சொல்லும்.

வியாகுலம் அண்ணன் மாலை நான்கு மணிக்கு இறந்துபோனார். என் ஜெபமாலையை அவர் கையில் சுற்றினேன்.

நாள் 17. பகல் 12.00
பதினைந்து!! குறைகிறது. மலர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவர் “பாக்கியம், நீ சொன்னதுதான்ட்டி சரி” என்றார்.

பிறகு எரிபொருளைப் பார்த்தேன். புறப்பட்டபோது இருபத்தெட்டு நாளுக்கு இருந்தது. மீதி பதினோரு நாளுக்கு. நிற்பதற்குப் பதினைந்து நாள் வேண்டும்.

நாளுக்கு ஒன்றாகக் குறைந்தாலும் நான்கு விநாடி மிஞ்சும். இயந்திரம் அணைந்த பிறகு அது ஏறாது, இறங்காது. நிலவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்போம். பதினைந்தாம் நாளே நான் அடம்பிடித்திருந்தால் இரண்டுதான் மிஞ்சியிருக்கும். எனக்குத் தெரிந்திருந்தும் நான் போய்ச் சோறு வடித்தேனே, மாதாவே.

இவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

கேட்கிறவர்களே, இதை மணிக்கொரு தடவை வானொலியில் வாசிக்கிறேன். மூன்று பேர் இருக்கிறோம். எங்களை எட்டிப் பிடித்து எரிபொருள் தர ஒரு கப்பல் வருமா, வராதா? மணியோசைக்குப் பின்னால் ஒரு வார்த்தை போதும். வராது என்றாலும் சொல்லுங்கள். சீக்கிரம் பதில் தாருங்கள்.